ஸ்கேன் சரியாக இருக்கிறது, மகளுக்குத் தலைவலி மட்டும் போகவில்லை

கேள்வி: என் மகளுக்கு வயது 15. பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறாள். ஐந்து வாரங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில், உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்ட எழும்பியபோது எதிரணிப் பெண்ணின் தலையோடு மோதிக் கீழே விழுந்தாள். மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்தாள். இரவில் தலைவலி அதிகமானதால் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “மூளையில் ஒன்றும் இல்லை, ஓய்வெடுக்கட்டும்” என்றார்கள்.

அன்றிலிருந்து திரைச்சீலை போட்ட அறையில்தான் வைத்திருக்கிறேன். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டேன், தோழிகளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து பள்ளிக்குப் போகிறாள். காலையில் நன்றாகத்தான் கிளம்புகிறாள். மதியத்துக்குள் தலைவலி, கண் கூச்சம், எரிச்சல். ஒரே பத்தியை நான்கு முறை படிக்கிறாள். தினமும் ஒரு தலைவலி மாத்திரை கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பரவாயில்லை. அதனால் அவளுடைய பாட்டி, “படிக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறாள்” என்கிறார். பயிற்சியாளரோ, “ஸ்கேன்தான் சரியாக இருக்கிறதே, இரண்டு வாரத்தில் அணித் தேர்வு இருக்கிறது, அனுப்புங்கள்” என்கிறார். அவளும், “எனக்கு ஒன்றுமில்லை, நான் ஆடுகிறேன்” என்கிறாள். ஆனால் இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதை நான் பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து இதேபோல் ஒரு வாரத்துக்கு மேல் தலைவலியால் கஷ்டப்பட்டாள். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. இவள் நடிக்கிறாளா? தேர்வுக்கு அனுப்பலாமா? பிற்காலத்தில் மூளை பாதிக்கப்படுமா?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் நடிக்கவில்லை. அவளுக்கு வந்திருப்பது மூளை அதிர்ச்சி (concussion), அதாவது அடியின் உலுக்கலால் மூளை செல்களின் வேலை தடுமாறிப்போகும் நிலை. அவள் பொய் சொல்கிறாள் என்றால், “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லும் அந்த ஓர் இடத்தில்தான். இளம் விளையாட்டு வீரர்கள் பலரும் அந்தப் பொய்யைச் சொல்கிறார்கள். அணியில் இடம் போய்விடும் என்ற பயம் அவர்களை அப்படிச் சொல்ல வைக்கிறது.

பாட்டி எதை நடிப்புக்குச் சான்றாகக் காட்டுகிறாரோ, அதையேதான் நான் நோய்க்குச் சான்றாகப் பார்க்கிறேன். காலையில் தெளிவு, மதியத்துக்குள் தலைவலி, விடுமுறை நாளில் நிம்மதி என்ற இந்த ஒழுங்கு, அடிபட்டு இன்னும் ஆறாத மூளையின் நடத்தை. வேலை ஏற ஏற அதற்குத் தாங்குவதில்லை. வகுப்பறையின் இரைச்சல், கரும்பலகைக்கும் குறிப்பேட்டுக்கும் மாறி மாறி ஓடும் பார்வை, காதில் கேட்டுக்கொண்டே கையால் எழுதுவது எல்லாம் நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம், மூளைக்கு அவை பெரும் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்த உழைப்பு இல்லை, அதனால் வலியும் குறைகிறது. பாட்டியிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் நம்பவில்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் வலியைச் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள், அப்போது நமக்கு எந்தத் தகவலும் கிடைக்காது.

அடுத்தது ஸ்கேன். அதை எடுத்தது சரிதான். தலையில் அடிபட்டு நேரம் செல்லச் செல்லத் தலைவலி கூடினால், மண்டையோடு விரிசல் கண்டிருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். சி.டி. ஸ்கேன் அதற்கான கருவி. உங்கள் மகளுக்கு ரத்தக் கசிவு இல்லை என்று அது சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான் அதனால் சொல்ல முடியும். மூளை அதிர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பதைச் சாதாரண சி.டி. ஸ்கேனும் காட்டாது, வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டாது. மூளை அதிர்ச்சியில் பழுதாவது செல்களின் வேலை. ஸ்கேன் காட்டுவது மூளையின் உருவம்.

உள்ளே நடப்பது இதுதான். தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது மண்டையோட்டுக்குள் மூளை முறுக்கப்படுகிறது. நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே பாய்கிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மேல் சுரந்து செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய மூளை ஏராளமான குளுக்கோஸைச் செலவழிக்கிறது. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. தேவை கூடி வரவு குறைந்த இந்த நிலைக்குப் பிறகு, மூளையின் ஆற்றல் பயன்பாடே சில நாட்களுக்கு, சிலருக்கு வாரக்கணக்கில், மந்தமாகிவிடுகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, வெளிச்சத்தைத் தாங்க முடியாமை, காரணமில்லாத அழுகை, தூக்கக் கோளாறு எல்லாம் இதிலிருந்து வருபவை. இதற்கு மயக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. மூளை அதிர்ச்சி அடைபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் நினைவு தப்புகிறது. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்பதுகூட இல்லை. உடம்பில் விழும் பலமான மோதல் தலையை உலுக்கினாலே போதும்.

அவள் மீதி ஆட்டத்தையும் ஆடினாள் என்று எழுதியிருந்தீர்கள். யாரையும் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை, பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூளை அதிர்ச்சி அடைந்த 12 முதல் 19 வயது வரையிலான வீரர்கள் 69 பேரை இரு பிரிவாகப் பார்த்தார்கள். அடிபட்டதும் ஆட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் குணமாகச் சராசரியாக 22 நாட்கள் ஆயின. தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாட்கள். சில நிமிட ஆட்டத்துக்காக மூன்று வாரங்களை இழந்தார்கள். உங்கள் மகளுக்கு ஐந்து வாரமாகியும் சரியாகாததற்கு அன்று தொடர்ந்து ஆடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளையை வெளியே உட்கார வைக்க வேண்டும், அன்று மறுபடி இறக்கவே கூடாது என்ற விதி உலக அளவில் ஏற்கப்பட்டது. அதைப் பள்ளி ஆடுகளங்களில் இன்னும் பலர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

அணித் தேர்வுக்கு அனுப்பலாமா? கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். மிக அரிதாக, ஆனால் பெரும்பாலும் 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அந்த இரண்டாவது அடியால் மூளையின் ரத்த நாளங்கள் கட்டுப்பாட்டை இழந்து சில நிமிடங்களிலேயே மூளை வீங்கிவிடுகிறது. இரண்டாவது அடி பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் வேறு ஆட்டம்) ஆடும்போது தலையில் அடிபட்டுச் சற்று நேரம் வெளியே இருந்துவிட்டு மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் வாழ்நாள் ஊனத்தோடு. 2009-ல் அந்த மாநிலம் அவன் பெயரால் சாக்கரி லிஸ்டெட் சட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தேகம் உள்ள வீரரை வெளியேற்ற வேண்டும், மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை இயற்றின.

2013-ல் கனடாவின் ஒன்டாரியோவில் 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் ரக்பி ஆடும்போது அடிபட்டு இறந்தாள். அதற்கு முந்தைய சில நாட்களிலேயே அவள் தலையில் அடிபட்டிருந்தது. தனக்கு மூளை அதிர்ச்சி இருக்குமோ என்று இணையத்தில் தேடியிருக்கிறாள், தோழிகளுக்குக் குறுஞ்செய்தியில் எழுதியிருக்கிறாள். பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. 2018-ல் ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் வந்தது. உங்கள் மகளைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்ல வேண்டாம். ஆனால் அவளுடைய தோழிகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இந்த வயதில் அம்மாவிடம் சொல்லாததைத் தோழியிடம் சொல்வார்கள்.

இத்தகைய மரணங்கள் அரிது. ஆனால் அரிதல்லாத ஆபத்துகளும் உண்டு. குணமாகாமல் இறங்குபவர்களுக்கு மறுபடியும் மூளை அதிர்ச்சி வரும் வாய்ப்பு கூடுதல், அது ஆறுவதற்கு இன்னும் அதிக நாள் ஆகும். மூளை அதிர்ச்சிக்குப் பிறகான மாதங்களில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏற்படும் வாய்ப்பும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. எதிர்வினை வேகமும் உடல் சமநிலையும் வெளியே தெரியாத அளவில் குறைந்திருப்பதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

இப்போது நீங்கள் வருத்தப்படக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இருட்டறையை இன்றே முடித்துவிடுங்கள். நீங்கள் அன்பினால்தான் செய்தீர்கள், பல ஆண்டுகள் மருத்துவர்களும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் நீண்ட முழு ஓய்வு இந்த நோயை நீட்டிக்கிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு சொல்லப்பட்ட இளைஞர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். விளையாட்டு மூளை அதிர்ச்சிக்கான பன்னாட்டு மருத்துவக் குழு 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, அடுத்த ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை மிதமான ஓய்வும் குறைவான திரைப் பயன்பாடும் போதும், அதன் பிறகு மெல்ல மெல்ல இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். சுளுக்கிய கணுக்காலை முதல் இரண்டு நாள் ஆட்டாமல் வைத்துவிட்டு, பிறகு தாங்கித் தாங்கி நடக்க வைப்பதுபோலத்தான் இதுவும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை அந்த 48 மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐந்து வாரமாக ஓட்டம் இல்லை, தோழிகள் இல்லை, பேச்சு இல்லை. விளையாட்டையே வாழ்க்கையாகக் கொண்ட 15 வயதுப் பெண்ணை இப்படி வைத்தால் தலையில் அடிபடாமலேயே தலைவலியும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வரும். இன்றைக்கு அவளுக்கு இருப்பதில் எவ்வளவு அடியினால், எவ்வளவு அடைத்து வைத்ததனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தோழிகளை வரச் சொல்லுங்கள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுங்கள், கொஞ்ச நேரம் பார்க்கட்டும், கண் வலித்தால் வைத்துவிடட்டும். படுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். தூக்கம்தான் அவளுக்கு முக்கிய மருந்து. தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழட்டும், பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம்.

அவள் நடக்கவும் வேண்டும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், மூளை அதிர்ச்சிக்குச் சில நாட்களிலேயே அளவான நடைப்பயிற்சி அல்லது நிலையான சைக்கிள் பயிற்சியைத் தொடங்கிய 13 முதல் 18 வயது வரையிலான வீரர்கள், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். அவர்களில் பாதிப் பேர் 13 நாட்களுக்குள் தேறினார்கள், மற்ற பிரிவில் அதற்கு 17 நாட்கள் ஆயின. உங்கள் மகள் சமதளத்தில் விரைவாக நடக்கலாம், அல்லது ஓரிடத்தில் நிலையாக வைத்த சைக்கிளை மிதிக்கலாம். நாடித்துடிப்பு தொடக்கத்தில் நிமிடத்துக்கு 110-ஐத் தாண்ட வேண்டாம். பதினைந்து இருபது நிமிடம் போதும். தொடங்கும் முன் தலைவலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அது தொடங்கியபோது இருந்ததைவிட இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கூடினாலோ, கூடியது ஒரு மணி நேரத்துக்குள் அடங்காவிட்டாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த நாள் சற்றுக் குறைவாகச் செய்யட்டும். லேசாக வலி கூடினால் பயப்பட வேண்டாம், அதனால் மூளைக்குக் கேடு இல்லை. ஆனால் தலையில் மறுபடி அடிபடக்கூடிய எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பந்து, சைக்கிள் ஓட்டுவது, மரம் ஏறுவது, முரட்டு விளையாட்டு எதுவும் வேண்டாம்.

தினமும் மாத்திரை கேட்கிறாள் என்றீர்கள். அங்கேதான் எனக்குக் கூடுதல் கவலை. மாதத்தில் 15 நாட்களும் அதற்கு மேலும் சாதாரண வலி மாத்திரை எடுத்துக்கொண்டே போனால், அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யும். ஒற்றைத் தலைவலி உள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறோம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்பது, இடையில் வேறு மருந்து தேவையா என்பதை அவளைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஐந்து வாரம் ஏன்? வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தேறுகிறார்கள். பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் நான்கு வாரம் வரை இயல்பு. அவசரப் பிரிவுக்கு வந்த ஆயிரக்கணக்கான கனடியப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், நான்கு வாரத்துக்குப் பிறகும் தொந்தரவு இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். யாருக்கு நீளும் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. 13 வயதைத் தாண்டியவர்கள், பெண் பிள்ளைகள், முன்பு மூளை அதிர்ச்சி வந்து ஒரு வாரத்துக்கு மேல் கஷ்டப்பட்டவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள். உங்கள் மகளிடம் முதல் மூன்றும் இருக்கின்றன, உங்களிடமிருந்து நான்காவதும் வந்திருக்கலாம். ஆகவே அவளுடைய ஐந்து வாரம் எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் நான்கு வாரத்தைத் தாண்டிவிட்டதால் “தானாகச் சரியாகும்” என்று காத்திருக்கும் கட்டம் முடிந்தது. இனி காரணத்தைத் தேடிச் சிகிச்சை செய்ய வேண்டும்.

நரம்பியல் மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ காட்டுங்கள். போகும்போது இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் கழுத்து. தலை மோதும்போது கழுத்தும் சேர்ந்துதான் உலுக்கப்படுகிறது, பின்தலையிலிருந்து கிளம்பும் வலிக்குப் பலமுறை கழுத்துத் தசைகளும் மூட்டுகளுமே காரணம், அது பிசியோதெரபியில் நன்றாகக் கேட்கும். அடுத்து உள்காதின் சமநிலை உறுப்பும் கண் அசைவும். ஒரே பத்தியை நான்கு முறை படிக்கிறாள் என்றால், கவனக்குறைவு என்று முடிவு கட்டும் முன் இரு கண்களும் ஒரே புள்ளியில் சேர்ந்து குவிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூளை அதிர்ச்சிக்குப் பிறகு பலருக்கும் இந்தக் குவிதல் தடுமாறுகிறது. சாதாரணக் கண் பரிசோதனையில் பார்வை சரியாக இருக்கும், படிக்கும்போது மட்டும் எழுத்து மிதக்கும். இதற்கும் பயிற்சிகள் உண்டு. கிடந்து எழும்போது தலைசுற்றுகிறதா, நாடித்துடிப்பு மிகையாக ஏறுகிறதா என்பதும் பார்க்கத்தக்கது. கடைசியாக மனநிலை. இதைக் கடைசியாகச் சொல்வதால் சிறியது என்று நினைக்க வேண்டாம். மூளை அதிர்ச்சிக்குப் பிறகு பதின்வயதினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வருவது கூடுகிறது. எரிச்சல் என்று நீங்கள் எழுதியிருப்பது அதன் தொடக்கமாகவும் இருக்கலாம். அவளிடம் தனியாகப் பேசுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பது போன்ற ஒரு சொல் காதில் விழுந்தாலும் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பள்ளியைப் பற்றி: விளையாட்டுக்கு முன் படிப்பு திரும்ப வேண்டும் என்பது விதி. ஆனால் முழு நாள், முழுச் சுமை என்று ஒரேயடியாக அல்ல. மருத்துவரிடம் கடிதம் வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். முற்பகல் மட்டும் வகுப்பு, தலைவலி தொடங்கியதும் பத்துப் பதினைந்து நிமிடம் அமைதியான அறையில் இருக்க அனுமதி, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாத இடத்தில் இருக்கை, குறிப்புகளைத் தோழியிடமிருந்து எடுத்துக்கொள்ளும் சலுகை, தேர்வுகளுக்குக் கூடுதல் நேரம் அல்லது சில வாரத் தள்ளிவைப்பு. இவை நிரந்தரமல்ல, வாரந்தோறும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். இப்போது கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து அவளுடைய அறிவை யாரும் எடைபோடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்குத் திரும்புவதற்கு ஆறு படிகள் உண்டு. அன்றாட வேலைகள், அளவான நடையும் ஓட்டமும், தனியாகப் பந்தோடு பயிற்சி, அணியோடு மோதலில்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முதல் மூன்று படிகளில் லேசான தொந்தரவு இருக்கலாம். நான்காவது படியைத் தொட வேண்டுமானால், ஓடி வியர்த்த பிறகும் எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாது. முழுப் பயிற்சியில் சேர மருத்துவரின் அனுமதி வேண்டும். பிரிட்டனில் 2023-ல் பள்ளி, உள்ளூர் விளையாட்டுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. தலையில் அடிபடக்கூடிய பயிற்சிக்குத் திரும்புவதற்கு முன் ஓய்வு நேரத்தில் தொடர்ந்து 14 நாட்கள் தொந்தரவே இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது அதிர்ச்சி அடைந்து இவ்வளவு நீண்டுவிட்ட பெண்ணுக்கு நான் அந்தக் கண்டிப்பையே விரும்புவேன். மாத்திரை போட்டுத் தலைவலி இல்லாமல் இருப்பது இந்தக் கணக்கில் சேராது.

இனி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்யும் கேள்வி, பிற்காலம். அடிபட்ட தலைகளின் நீண்டகாலக் கதை குத்துச்சண்டையிலிருந்து தொடங்குகிறது. குத்துச்சண்டை வீரர்களின் தடுமாற்றத்தையும் மறதியையும் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். 2002-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் இறந்தபோது, நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, டாவ் என்ற புரதம் படிந்து கிடப்பதைக் கண்டார். சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மூளைச் சிதைவு நோயை இன்றும் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடிகிறது. செய்திகளில் அதைப் படித்திருப்பீர்கள்.

அந்தச் செய்திகளையும் உங்கள் மகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் தலையில் ஆயிரக்கணக்கான அடிகளை வாங்கியவர்கள். அறிகுறியே தராத சின்னச் சின்ன அடிகளும் அதில் அடக்கம். எத்தனை முறை மூளை அதிர்ச்சி வந்தது என்பதைவிட, எத்தனை ஆண்டுகள் அடி வாங்கினார் என்பதோடுதான் அந்த நோய் அதிகம் தொடர்புகொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு அதிர்ச்சிகள் வந்து, முழுவதும் ஆறிய பிறகு திரும்பும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், வாழ்கிறார்கள். உங்கள் மகளுக்கும் அதையே எதிர்பார்க்கிறேன்.

ஆனாலும் அந்தச் செய்திகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தலையில் விழும் அடிகளின் மொத்தக் கணக்கைக் குறைப்பது. உங்கள் மகள் ஆடும் அதே கால்பந்துக்கான அமெரிக்கக் கூட்டமைப்பு 2015-ல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடை செய்து, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அதற்கு வரம்பு வைத்தது. 2020-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக் கால்பந்து அமைப்புகள் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் அதை நிறுத்தின. உங்கள் மகள் திரும்பும்போது பயிற்சியில் தலையால் முட்டுவதை வெகுவாகக் குறைக்கும்படி பயிற்சியாளரைக் கேளுங்கள். கழுத்துத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைச் சேருங்கள். தலைப்பட்டை வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். கால்பந்துத் தலைப்பட்டை மூளை அதிர்ச்சியைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை. ஹெல்மெட்கூட மண்டையோட்டு முறிவைத் தடுக்குமே தவிர, உள்ளே மூளை முறுக்கப்படுவதை முழுவதும் தடுக்காது.

கால்பந்தையே விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். இன்று அந்த முடிவு தேவையில்லை. இத்தனை முறை அடிபட்டால் விட வேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் இல்லை. நான் கவனிப்பது மூன்றை. முன்பைவிடச் சிறிய மோதலுக்கே அதிர்ச்சி வருகிறதா, ஒவ்வொரு முறையும் குணமாக நீண்டுகொண்டே போகிறதா, இடைவெளிகளில் முழுவதும் பழைய நிலைக்கு வராமல் படிப்பிலோ மனநிலையிலோ ஏதாவது மிச்சம் நிற்கிறதா. இவற்றில் ஏதாவது தெரிந்தால் மோதல் இல்லாத விளையாட்டுக்கு மாறுவது பற்றி அவளோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இந்த இரண்டாவது முறை முதல் முறையைவிட நீண்டிருக்கிறது. ஆனால் இம்முறை அடிபட்ட பின் ஆடியதும், மாத்திரையும், இருட்டறையும் சேர்ந்திருப்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

எப்போதாவது தலைவலி திடீரெனக் கடுமையானாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, இரட்டைப் பார்வை, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் என எது கண்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

பயிற்சியாளருக்கு நாளையே எழுதுங்கள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவளுக்கும் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரை எந்த ஆட்டத்திலும் இறங்க மாட்டாள் என்றும், இது பெற்றோர் எடுத்த முடிவு என்றும் தெளிவாக எழுதுங்கள். ஆட முடியாததற்கு அவள் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது, அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அணியோடு அவள் உறவு அறுந்துவிடாமல் இருக்க, பயிற்சி நாட்களில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கவும், புள்ளிக் கணக்கு எழுதவும் அனுமதி கேளுங்கள். இரைச்சல் தாங்காவிட்டால் அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடட்டும். அடுத்த அணித் தேர்வு எப்போது என்ற தேதியையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.